துண்டில்லாத பேரம்

ஃப்ரீலான்சர் எனப்படுபவர், எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயரில்லாமல், பலருக்குத் தனித்தனியே வேலை செய்து, வேலைக்கேற்ற கூலி பெறுபவர். அவ்வேலையை வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகச் செய்வாராயின், தெருவார் கணக்கில் அவர் வேலையில்லாதவர். கோவில்பட்டியில் மாடியறையில் அமர்ந்து டெக்சாஸ் கடைக்காரர் ஒருவரின் இணையதளத்தைச் செப்பனிடுபவருக்கு மாதாமாதம் டாலரில் பணம் வருகிறது என்பதை வீட்டார் நம்பிவிடுகின்றனர். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கைலியோடு காணப்படும் ஒருவர் அந்நேரம் பணியில் இருக்கிறார் என்பதை ஏற்க அவர்கள் மனம் ஒப்புவதில்லை. ஆகவே கேஸ் சிலிண்டர் வரும்போது வீட்டில் இருப்பவர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், பஸ் ஸ்டாண்டிலிருந்து அத்தையை அழைத்து வருபவர் ஆகிய பொறுப்புகள் யாவும், விண்ணப்பிக்காமலேயே அவரை வந்தடைகின்றன.

இவருடைய வருமானத்தை உறவினர் கணக்கிடும் முறை ஆராயத்தக்கது. மணிக்கு 15 டாலர் என்று காதில் விழுந்ததும், பெரியப்பா ஒருவர் அதனை எட்டு மணி நேரத்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுப்பு தராமல் முப்பது நாளாலும், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டு அதனாலும் பெருக்கி, 3,06,000 ரூபாய் என்ற முடிவுக்கு வருகிறார். அத்தொகை மறுநாளே திருநெல்வேலி வரை பரவிவிடுகிறது. உண்மை நிலையோ வேறு. க்ளையன்ட், அதாவது வேலை தருபவர், பெயரில் பில் போடத்தக்க நேரம் நாளொன்றுக்கு நான்கு மணியைத் தாண்டுவது அரிது. எஞ்சிய பொழுது வேலை தேடுவதிலும், வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதிலும், வராத மின்னஞ்சலுக்குக் காத்திருப்பதிலும் கழிகிறது. மாதம் 22 நாளுக்கு 88 மணி நேரம், 1,320 டாலர், அதில் வேலை தருபவரையும் செய்பவரையும் சேர்த்து வைக்கும் இடைத்தளத்தின் கமிஷன் பத்து விழுக்காடு என்று கொண்டால் (அப்வொர்க் 2023 முதல் ஈராண்டுக் காலம் பெற்றது அவ்வளவே, ஃபைவர் பிடிப்பது இருபது) மிஞ்சுவது 1,188 டாலர். டாலர் ரூபாயாக மாறும் வழியில் இன்னும் இரண்டு விழுக்காடு கரைய, கைக்கு வருவது 98,960 ரூபாய். இலட்சத்துக்குச் சற்றே குறைவாக வந்து நின்றுவிடும் இத்தொகையின் குறும்பை, அனுபவித்தவர் மட்டுமே அறிவர்.

வீட்டார் ஒப்புக்கொள்ளாத இத்தொழிலை அரசு ஒப்புக்கொண்டது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 44ஏடிஏ என்னும் பிரிவு, பட்டியலிட்ட சில தொழில்களைச் செய்வோர், ஆண்டு வரவு 50 இலட்சத்துக்குள் இருக்குமாயின், வரவில் பாதியை மட்டும் இலாபமாகக் காட்டி வரி கட்டினால் போதும் என்றது. மற்றப் பாதி செலவாகிப் போயிருக்கும் என்பது சட்டத்தின் அனுமானம். தங்கைக்குத் திருமணம் செய்து வைத்த ஃப்ரீலான்சர் எவரும் இந்த அனுமானத்தை மிகை என்று சொல்லமாட்டார்.

வருமானத்தை உயர்த்தக் கூடுதல் நேரம் உழைப்பதே வழி என்று முதலில் தோன்றுவது இயல்பு. ஆனால் மணிக்கணக்கில் கூலி தரும் ஒப்பந்தங்களில், வேலை செய்பவரின் கணினித் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்தக் கணம் என்று சொல்லாமல் படம்பிடித்து, விசைப்பலகையை எத்தனை முறை தட்டினார் என்ற எண்ணிக்கையோடு க்ளையன்டுக்குக் காட்டும் மென்பொருளும் உடன் வருகிறது. கையின் அசைவை மட்டுமே அது அறியும் என்பதால், சிக்கலான பிழை ஒன்றின் காரணத்தைக் கண்மூடி யோசிப்பவர்கூட, இடையிடையே ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே யோசிக்கப் பழகிவிடுகிறார். நேரத்தை நீட்டுவதற்கு இரவும் இடம் தருவதில்லை. நியூயார்க்கில் காலை 10 மணிக்கு நடக்கும் கூட்டம் கோடையில் இங்கே இரவு 7.30க்கு அமையும், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர் தம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியவுடன் அது 8.30 ஆகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவைத்து 2005இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திச் சட்டத்தின் விளைவாகக் கோவில்பட்டியில் ஒரு தட்டில் தோசை ஆறிப்போகிறது என்பதை எந்தப் பொருளியல் அறிஞரும் இதுவரை கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

நேரத்தைக் கூட்ட இயலாதெனில் எஞ்சுவது ரேட்டைக் கூட்டுவது. மணிக்கு 15 டாலரை 20 ஆக்கினால், 88 மணி நேரத்தில் ஈட்டிய அதே 1,320 டாலரை 66 மணி நேரத்திலேயே ஈட்டிவிடலாம். அதாவது க்ளையன்டுகளில் நான்கில் ஒரு பங்கினர் கோபித்துக்கொண்டு போய்விட்டாலும் நட்டமில்லை, பெரும்பாலும் எவரும் போவதுமில்லை. ஒரு துறையில் மட்டும் நிற்பவருக்கு இது இன்னும் எளிது. இணையதளம் அமைப்பேன், டேட்டா என்ட்ரி செய்வேன், மொழிபெயர்ப்பேன், குரலும் தருவேன் என்று அறிவிப்பவரிடம் க்ளையன்ட் விலையைக் குறைக்கிறார். ஷாப்பிஃபை தளத்தில் அமைந்த இணையக் கடையில் பொருளைக் கூடையில் போட்ட வாடிக்கையாளர் பணம் கட்டாமல் ஓடிவிடும் அந்த ஒரே பக்கத்தை மட்டும் சரிசெய்வேன் என்பவரிடம், ஓடிப்போன விற்பனையின் மதிப்பை நினைத்துக்கொண்டு பேச்சில்லாமல் கொடுக்கிறார். இவ்வளவும் தெரிந்த ஃப்ரீலான்சர், ரேட்டை உயர்த்துவதைப் பொங்கல் கழியட்டும், சித்திரை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவது ஏன் என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

தம் விலையைத் தம் வாயால் சொல்ல நேர்வதே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. உழவர் சந்தையில் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கொசுறாகப் பெறாமல் நகராதவர், தமக்கென்று கேட்க நேர்ந்தால் நாக்கு உலர்ந்துவிடுகிறார். தமிழ்ச் சமூகம் இந்தக் கூச்சத்தை நன்கு அறிந்து, அதற்கு ஏற்பாடுகளும் செய்து வைத்திருந்தது. பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் விலை பேசுவோர், கையின்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, அதனடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்து, பிடித்த விரல்களின் கணக்கால் தொகையை உணர்த்துவர். சுற்றி நிற்போருக்குத் தெரிவது துண்டின் அசைவு மட்டுமே. கல்யாணத்தில் சீர் பேசுவதற்கு ஒரு மாமா இருந்தார், நிலம் விற்பதற்கு ஒரு தரகர் இருந்தார். இவர்கள் எவரும் வாய்க்காத நாகஸ்வரக்காரரும் பிளம்பரும் "பார்த்துக் குடுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டனர். அச்சொல் பணிவு போலத் தோன்றினாலும் பொறுப்பை எதிராளியின் தலையில் ஏற்றிவிடும் வலிமையுடையது; குறைத்துக் கொடுத்தால் நாளை தெருமுனை டீக்கடையில் தம் பெயர் அடிபடும் என்று கொடுப்பவர் அஞ்சுவார்.

ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் க்ளையன்டுக்கு அந்த டீக்கடை இல்லை. திரையில் தோன்றும் அவர், "உங்கள் ரேட் என்ன?" என்று வானிலையைக் கேட்பது போலக் கேட்கிறார். மாடியறைக்காரர் ஒருமுறை இருமி, மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, அணைந்திருக்கக் கூடாதா என்றும் ஏங்கி, "உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அது" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கிறார். கேட்டவர் அதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொண்டு, சிறிதும் வஞ்சகமின்றி, தமக்குப் பத்து டாலர் நியாயமாகப் படுவதாகத் தெரிவிக்கிறார். இருவரும் நன்றி கூறி விடைபெறுகின்றனர். கொசுறும் இங்கே திசை மாறிவிடுகிறது. ஒப்பந்தத்தில் எத்தனை திருத்தம் என்று எழுதாமல் விட்டதனால், "ஒரு சின்ன மாற்றம்" என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் வாரம் மூன்று வருகின்றன. லோகோவைச் சற்றுப் பெரிதாக்குவதும், பெரிதானதை மீண்டும் சிறிதாக்குவதும், கொத்தமல்லிக் கட்டுக்குரிய அதே உரிமையோடு கேட்டுப் பெறப்படுகின்றன.

கூச்சத்தை ஒழிக்க முயல்வதைவிட, துண்டுக்கு மாற்றாக ஒன்றைக் கண்டுபிடிப்பதே எளிது என்று உணர்ந்த சிலர், ஓர் உத்தியைக் கையாண்டுள்ளனர். முதலில் உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவை இணையத்திலேயே கட்டணமின்றிச் செய்து, "சொல்யூஷன்ஸ்" என்று முடியும் ஒரு பெயரைச் சூட்டிக்கொள்கின்றனர். மாப்பிள்ளை எந்தக் கம்பெனி என்று கேட்போருக்கு விடை கிடைப்பது இதன் துணைப்பயன். அடுத்து, கணக்குப் பிரிவு என்ற பெயரில் தனியே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்குகின்றனர். அப்பிரிவில் பணிபுரிபவரும் அதே கைலிக்காரர்தான் எனினும், அந்த முகவரியில் அமர்ந்தவுடன் அவர் வேறொருவராகிவிடுகிறார். பாதித் தொகை அட்வான்ஸாக வராமல் எங்கள் நிறுவனத்தில் வேலை தொடங்குவதில்லை என்றும், இரண்டு திருத்தங்களுக்கு மேற்பட்டவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டு என்றும், ஏப்ரல் முதல் ரேட் 20 டாலர் என்றும் தயங்காமல் எழுதுகிறார். பிறருக்காகக் கேட்பதில் இந்த மண்ணில் எவருக்கும் வெட்கம் இருந்ததில்லை. க்ளையன்ட் இதைப் பற்றி வருத்தப்பட்டு மாடியறைக்காரருக்குத் தனியே எழுதினால், கணக்குப் பிரிவு சற்றுக் கடுமையானதுதான், தம்மாலும் ஒன்றும் செய்ய இயலவில்லை என்று அவர் அனுதாபம் தெரிவிக்கிறார்.

இவ்வுத்தியின் எல்லை எதுவென்றால், அது அளவுக்கு மீறி வெற்றி பெறுவதே. கணக்குப் பிரிவின் மூன்றாவது நினைவூட்டலைப் பெற்றுப் பாக்கியை முழுவதுமாகத் தீர்த்த க்ளையன்ட் ஒருவர், இத்துணைக் கண்டிப்பும் ஒழுங்கும் உடையவரைத் தாம் கண்டதில்லை என்று வியந்து, அந்தக் கணக்காளர் வெளிவேலை எடுத்துக்கொள்வாரா, அவருக்கு மணிக்கு 40 டாலர் வரை தரத் தயார் என்று கேட்டு எழுதக்கூடும். அதற்குப் பதில் எழுதும் பொறுப்பைக் கணக்குப் பிரிவிடமே விட்டுவிடுவது நல்லது. மாடியறைக்காரர் எழுதினால் முப்பதுக்கே ஒப்புக்கொண்டுவிடுவார்.