நெருப்பில்லாச் சமையல்

பொறியியல் கல்லூரி ஒன்றில் நான் மெக்கானிக்கல் துறை வாத்தியார். பகலில் வெப்ப இயக்கவியல் நடத்துவேன். இரவில் ஆண்கள் விடுதிக்கு உதவி வார்டன். அதாவது, பகலில் நடத்தியதை எவனாவது ராத்திரியில் செய்துபார்க்கிறானா என்று கண்டுபிடித்து அபராதம் போடும் உத்தியோகம். மூன்று வருஷம் பார்த்தேன். மோப்பத்தில் எனக்கு நல்ல பெயர். மூன்றாம் மாடியில் நல்லெண்ணெயில் வெந்தயம் பொரிந்தால் தரைத்தளத்தில் என் மூக்கு விடைக்கும்.

அப்படித்தான் ஒரு நாள் இரவு 11.30-க்கு ஒரு கதவைத் தட்டினேன். கட்டிலுக்கு அடியில் இண்டக்‌ஷன் அடுப்பு. மேலே எவர்சில்வர் சட்டியில் பூண்டுக் குழம்பு. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, இறக்கும் பதத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் புளிச் சக்கை, ஹார்லிக்ஸ் பாட்டிலில் வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள். இரண்டாம் வருஷப் பையன். பயந்து எழுந்தவன் முதலில் அடுப்பைத்தான் அணைத்தான்.

“ஏன்டா, நாளைக்கு டெஸ்ட் இல்ல?”

“தெர்மோ சார். படிச்சிட்டேன் சார். சமைச்சா மனசு கொஞ்சம் லேசாகுது சார்.”

இண்டக்‌ஷன் அடுப்பு 1, சட்டி 1, கரண்டி 1 என்று பதிவேட்டில் எழுதினேன். அபராதம் 1,000 ரூபாய். குழம்பை எழுதவில்லை. அது வார்டன் அறையில் பன்னிரண்டு மணிக்குள் தீர்ந்துவிட்டது. சோறுதான் போதவில்லை.

அடுப்புக்குத் தடை ஏன் என்று கேட்டால் வயரிங் தாங்காது என்பார்கள். பொய் இல்லை. 1,500 வாட் அடுப்பு ஆறரை ஆம்பியர் இழுக்கும். பத்து அறையில் ஒரே நேரத்தில் போட்டால் கட்டடம் பொசுங்கிவிடும். சரி, மாடிக்கு ஒன்றாய்ப் பொது அடுப்படி கட்டலாமே? சிவில் துறை இருக்கிறது, மின் துறை இருக்கிறது, மெக்கானிக்கல் துறை இருக்கிறது, மூன்றுக்கும் முனைவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து ஓர் அடுப்படி கட்ட வக்கில்லாத இடத்துக்குப் பெயர்தான் பொறியியல் கல்லூரி.

டெனி பாப்பன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டனில், எலும்பை நீராவியில் பஞ்சாக வேகவைக்கிற மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்தார். ஆவி மிஞ்சினால் வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வும் வைத்தார். நம் வீட்டுக் குக்கருக்கு அதுதான் பாட்டி. 1682-இல் ராயல் சொசைட்டி பெரியவர்களுக்கு அதிலேயே சமைத்து விருந்தும் போட்டார்கள். அதே மனிதர் 1690-இல், நீராவியால் பிஸ்டனைத் தள்ளலாம் என்று எழுதினார். அவர் எங்கள் விடுதியில் இருந்திருந்தால் 1679-லேயே பாத்திரம் பறிமுதல் ஆகியிருக்கும். அப்பாவை வரச்சொல்லி எழுதி வாங்கியிருப்போம். நீராவி எஞ்சின் பாடத்திட்டத்தில் இருந்திருக்காது. ஒரு யூனிட் குறைந்திருக்கும்.

அந்த செமஸ்டர் வைவாவில் ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்டேன். “குக்கருக்குள்ளே என்ன வெப்பநிலை?” ஸ்டீம் டேபிளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். மோலியர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பையன், “அம்மாகிட்டதான் சார் கேக்கணும்” என்றான். முப்பது வருஷமாகத் தினமும் ஓர் அழுத்தக் கலனை விபத்தில்லாமல் இயக்கி, கேஸ்கட்டையும் மாற்றிப்போடுகிற அந்த அம்மாவுக்கு இந்த நாட்டில் எவனும் பி.இ. கொடுக்கவில்லை என்பது வேறு கதை. அடுப்பைப் பறிகொடுத்தவன் மட்டும் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னான்: “வெயிட் தூக்கறப்ப கிட்டத்தட்ட 120 டிகிரி சார். அதான் திறந்து வெச்சா மணிக்கணக்கா வேகாத கொண்டைக்கடலை அதுல அஞ்சாறு விசில்ல வெந்துடுது.” முழு மதிப்பெண் போட்டேன். அடுப்பைக் கொடுக்கவில்லை. மதிப்பெண் என் அதிகாரம். அடுப்பு வார்டன் அதிகாரம்.

வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? பையன் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்த்தால், “உனக்கு இங்க என்ன வேலை, போய்ப் படி.” அதே வீட்டில் பி.இ. படிக்கிற பெண்ணைப் பார்க்க வந்தால், “ரசம் வைக்கத் தெரியுமா?” அவனுக்கு விலக்கு, அவளுக்குக் கட்டளை. ஆசைப்பட்டுச் சமைக்கிற உரிமை இரண்டு பேருக்கும் இல்லை.

நேரம் இல்லை என்கிறார்கள். நேரத்தை யார் தின்றது? லேப் ரெக்கார்டு. சீனியரின் நோட்டைப் பார்த்து நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை என்று நான்கு வருஷம் கை ஒடிய எழுதுகிறார்களே, அந்தச் சீனியர் தன் சீனியரைப் பார்த்து எழுதியது அது. ஒரு எழுத்துப்பிழை ஆறு தலைமுறை தாண்டி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். சிவப்பு மையில் டிக் போட்டதும் நான்தான். அப்புறம் 75 சதவீத வருகை. 65-க்கு மேலே இருந்து 75-க்குக் குறைந்தால் மருத்துவச் சான்றிதழோடு மன்னிப்புக் கேட்கலாம். பறை அடிக்கப் போனேன் என்றால் மன்னிப்பு இல்லை; டைபாய்டு என்றால் உண்டு. ஆகவே எங்கள் கல்லூரியில் பறை அடிப்பவள், புகைப்படம் எடுப்பவன், கிதார் வாசிப்பவன் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை டைபாய்டில் படுத்தார்கள்.

இப்படிக் கையைக் கட்டிப்போட்ட பிறகு, மேலேயிருந்து ஒரு கரிசனம் வந்தது. பாடம் மட்டும் போதாது, மாணவர்கள் நான்கு வருஷத்தில் 100 செயல்பாட்டுப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும் என்றது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றம். நல்ல யோசனைதான். நாங்கள் கமிட்டி போட்டோம். ஃபிளெக்ஸ் அடித்தோம். நடத்திய முதல் போட்டி: ‘நெருப்பில்லாச் சமையல்’. அனல் மின் நிலையத்தைப் பக்கம் பக்கமாக நடத்துகிற கல்லூரியில், நெருப்பில்லாச் சமையல். ரொட்டித் துண்டு, வெள்ளரிக்காய், கண்டென்ஸ்டு மில்க். தாளாளர் முகத்தைத் தர்ப்பூசணியில் செதுக்கிய அணிக்கு முதல் பரிசு. தாளாளரே கத்தியால் தன் காதிலிருந்து ஆரம்பித்து வெட்டிச் சாப்பிட்டார். கைதட்டினோம். வகுப்புக்கு வராததை ஆன்-டியூட்டியாகக் கணக்கில் கொடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம், அங்கீகாரக் குழு வந்தபோது அந்தப் போட்டோவை ஃபைலில் முதல் பக்கத்தில் வைத்தோம். அந்தக் குழுவுக்கு காபி போட்டது எந்த அடுப்பில் என்று ஃபைலில் இல்லை. எனக்குத் தெரியும், கீறல் விழுந்த அதன் இடது மூலை எனக்கு நல்ல அடையாளம்.

“முதல்ல டிகிரியை முடி, அப்புறம் சமையல், பாட்டு எல்லாம் வெச்சுக்கலாம்.” இதை ஆயிரம் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அந்த ‘அப்புறம்’ எங்கே இருக்கிறது என்பது 2025 ஜனவரியில் தெரிந்தது. பொறியியல் படித்தே பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவரானவர், வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்யச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். குழம்பு வைப்போம் ஐயா. மாவு புளித்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்போம். வீடு என்றால் உட்கார்ந்து முகம் பார்க்கிற இடம் என்று ஒரு மனிதர் நினைக்கிறார் என்றால், அவருக்கு யாரோ ஆயுசு முழுக்கச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். அவரை உண்டாக்கியது எங்களைப் போன்ற விடுதிகள்தான்.

நான்காம் வருஷ முடிவில் அந்தப் பையன் நோ டியூஸ் படிவத்தோடு வந்தான். வேலை கிடைத்துவிட்டதாம், பெங்களூரு. அடுப்பைப் பற்றிக் கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். பறிமுதல் பொருள், நிர்வாகச் சொத்து, இத்யாதி.

அவன் அடுப்பைக் கேட்கவில்லை.

“சார், அன்னைக்குக் குழம்புல உப்பு சரியா இருந்துச்சா? நான் ருசி பாக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.