பலகை மேல பழி போடாதே, பேராண்டி

வாடா பேராண்டி. புது சர்ஃப் போர்டு வேணும்னு உங்கம்மாகிட்ட அடம் பிடிக்கிறியாமே? வாங்கு ராசா, யாரு வேணாம்னா? கோவளத்துலயும் மாமல்லபுரத்துலயும் அலை ஏறப் பழகின நம்ம குப்பத்துப் பசங்க வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் போய் வரானுங்க. உனக்கு மட்டும்தான் பலகை சரியில்லாமப் போச்சு. பாவம்.

மரப்பலகைதான் அசல்னு சொன்னியாம். ஹவாய்த் தீவுல ‘கோவா’ன்னு அங்க வளர்ற மரத்தைச் செதுக்கித்தான் அலை ஏறினாங்க, ஒத்துக்கறேன். நீச்சல்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கின டியூக் கஹானமொகு 1930ல செஞ்சுக்கிட்ட பலகை 16 அடி நீளம், 50 கிலோவுக்கு மேல எடை. நீ 25 கிலோ அரிசி மூட்டைக்கே இடுப்பைப் பிடிச்சுக்கிற ஆளு. லேசா இருக்கட்டும்னு அங்க விலிவிலின்னு ஒரு மரமும் வெச்சிருந்தாங்க, நம்ம கல்யாண முருங்கைக்குப் பங்காளி. அப்புறம் தென்னமெரிக்காவுலருந்து பால்சா வந்துச்சு. லேசுதான். ஆனா மேல்பூச்சுல ஒரு கீறல் விழுந்தாப் போதும், தண்ணி குடிச்சு ஊறி, உளுத்துப் போகும்.

மரம் தண்ணி குடிக்கிறது என்னன்னு எங்களைக் கேளு. கட்டுமரம் கரையேறினதும் கயித்தை அவுத்து, மரத்தைத் தனித்தனியாப் பிரிச்சுக் காயப் போடுவோம். காயாம விட்டா அடுத்த தடவை தள்ளுறதுக்குக் கூட ஆள் தேடணும். நீ நனைஞ்ச டவுசரையே காயப் போடாதவன்.

எடையைக் குறைக்கிறேன்னு டாம் பிளேக்னு ஒரு அமெரிக்கர் உள்ளே கூடு விட்டுப் பலகை செஞ்சு 1932ல காப்புரிமையே வாங்கினார். கூட்டுக்குள்ள பூந்த தண்ணியை வடிக்க அதுக்கு ஒரு மூடி வேற.

1950கள் கடைசியில பாலியூரித்தேன் நுரை வந்துச்சு. இன்னிக்கும் நிறையப் பேர் அதுலதான் ஏறுறாங்க. குதிகால் அழுத்தின இடமெல்லாம் குழி விழும், வெயில்ல மஞ்சளாப் போகும், பாறையில முட்டினா பொத்தல். செய்யறவன் பாடு இன்னும் மோசம்: அந்த நுரைக்கு ஊத்துற டி.டி.ஐ. ரசாயனம் நெஞ்சுக்கு ஆகாது. கலிபோர்னியாவுல கிளார்க் ஃபோம்னு ஒரே கம்பெனியை நம்பி ஊரே பலகை செஞ்சுது. 2005 டிசம்பர் 5ஆம் தேதி அவன் கதவைச் சாத்தினதும் அத்தனை பேரும் நுரைக்கு நாயா அலைஞ்சாங்க.

இப்ப நீ கேக்கற எப்பாக்ஸி பலகைக்கு வருவோம். பளபளன்னு இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா? தெர்மாகோல்டா! உடைஞ்சா ஒட்டிக்கலாம், மாமன் ஃபைபர் படகுக்கு வாங்கின ரெசின் மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுவே, எனக்குத் தெரியும். அது பாலியஸ்டர் ரெசின். பொத்தல்ல ஊத்தினா தெர்மாகோல் முத்து முத்தாச் சுருங்கிக் கரையும். விரல் அளவு பொத்தல் கை நுழையற பள்ளமாயிடும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை! எப்பாக்ஸி ரெசின்தான் போடணும், அதுக்கு விலை ஜாஸ்தி. கையில பட்டுப் பட்டு ஒரு தடவை ஒவ்வாமை வந்துச்சுன்னா அப்புறம் அதைத் தொட்டாலே அரிப்புதான். சித்திரை வெயில்ல வேனுக்குள்ள போட்டுப் பூட்டிட்டுப் போனியானா உள்ளே காத்து விரிஞ்சு தோல் உப்பிக்கும்.

கார்பன் ஃபைபரா? விறைப்பு ஜாஸ்தி, விலை அதைவிட ஜாஸ்தி. உன் அப்பன் வருசம் பூரா வலை இழுக்கணும்.

உனக்குத் தோது அந்த மெத்துன்னு இருக்கற ஸ்பான்ஜ் பலகைதான். சிரிக்காதே. வேகம் கம்மி, சட்டுன்னு திரும்பாது, வெயில்ல கெடந்தா மேல்தோல் பிரிஞ்சு வரும். ஆனா உன்னைத் தள்ளிவிட்டுட்டு அதுவே திரும்பி வந்து மண்டையில அடிக்கும் பாரு, அப்ப மண்டை தப்பிக்கும், என் பேச்சும் ஞாபகம் வரும்.

யாராவது பழசு விப்பான், அதை வாங்கு. தூக்கிப் பாரு, அளவுக்கு மீறிக் கனத்தா உள்ளே தண்ணி நிக்குது. விரலால அமுக்கிக்கிட்டே போ, எங்க மேல்தோல் தனியா எழும்பி நகருதோ அங்க ஒட்டு விட்டிருக்கு. வாங்கினப்புறம் அடிபட்டா நிழல்ல நல்லாக் காயவிட்டு, பொத்தலை அடைச்சுட்டுத்தான் மறுபடி தண்ணியில எறக்கணும். மிச்சக் காசை உங்கம்மாகிட்ட குடு. வேணாம், என்கிட்டயே குடு.