எங்கள் ஊர் எவரெஸ்ட்

திருத்தணி ரயிலடியில் இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் கேட்பது, "மலைக்கு எத்தனை படிங்க?" என்பதைத்தான். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும்: "வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை." கேட்டவர் ஒரு கணம் யோசித்து, 365 என்று தாமே கண்டுபிடித்த சந்தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்தப் படிகளை ஏதோ நம் பாட்டனார்தான் வெட்டிப் போட்டதுபோல நாமும் ஒரு மிதப்போடு ஆட்டோ ஸ்டாண்டைக் காட்டிவிட்டு வருவோம்.

இந்த ஊரில் ஒரே ஒருவருக்கு மட்டும் மலை என்றால் முருகன் நினைவுக்கு வருவதில்லை. டென்சிங்தான் வருகிறார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. ஊருக்கு அவர் எவரெஸ்ட். வயது ஐம்பதுக்கு இரண்டு குறைவு. தொழில், ஆயுள் காப்பீட்டு முகவர். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என எதிராளியின் வயிற்றில் புளியைக் கரைத்துக் கையெழுத்து வாங்குவார். தனக்கு நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே வரைபடம் போட்டு வைத்திருப்பார். ஆண்டுதோறும் மே 29-ஆம் தேதி டீக்கடையில் அவர் செலவில் எல்லாருக்கும் மசால்வடை. 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் சிகரம் தொட்ட நாள். கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்தும் முடியாமலும் இருக்கும். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பனிமலையின் பெயரால் வடை தின்கிற ஊர் இந்தியாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். எட்டுப் பை வைத்த காற்சட்டை. எந்தப் பையில் எது இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் கையை நீட்டினால் முதலில் திசைகாட்டி வரும், அப்புறம் விசில், அப்புறம் ஒரு சுருள் நைலான் கயிறு, நாலு குளுக்கோஸ் பாக்கெட். சில்லறை வந்து சேர்வதற்குள் அரக்கோணம் வந்துவிடும்.

அவர் பேச்சுக்கும் தனி அகராதி உண்டு. வீடு என்பது 'பேஸ் கேம்ப்'. மனைவி 'சப்போர்ட் டீம்'. மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் இல்லாமல் திரும்பினால் 'வெதர் விண்டோ கிடைக்கல'. போன காரியம் நடக்கவில்லை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எல்லாமே 'அட்டெம்ப்ட்'தான்.

டீக்கடைதான் அவர் திரும்பி வந்து சேரும் இடம். மாஸ்டருக்குத் தெலுங்குதான் நாக்கில் புரளும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்கள் எல்லாருமே ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். எல்லைக்காக ம.பொ.சி. போராடி, நடுவராக வந்த படாஸ்கர் ஏடும் எழுத்தும் பார்த்து, தாலுகா இந்தப் பக்கம் வந்தது. மாஸ்டர் வீட்டுப் பேச்சு மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. "ஏமன்னா, ஈசாரி எக்கடிக்கி?" என்று அவர் கேட்டால், இந்தத் தடவை எங்கே என்று அர்த்தம். எவரெஸ்ட் வடக்கே கையை நீட்டி, நகரிவரை ஸ்கூட்டரில் போய் வந்ததை 'இன்டர்ஸ்டேட் எக்ஸ்பெடிஷன்' என்று ஆரம்பிப்பார். அப்படியே இமயமலைக்குத் தாவி, உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே போட்டால் டீயில் சாரமே இறங்காது என்பார். மாஸ்டர் கிளாஸை நீட்டுவார். "அய்தே இக்கடே தாகன்னா." அப்படியானால் இங்கேயே குடி.

அவருடைய அட்டெம்ப்ட்களில் ஊர் மறக்காதவை மூன்று.

முதலாவது, பாய்மரம். சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டார். "கடல் இல்லன்னா இன்னா? நம்மகிட்ட ஏரி இருக்குது" என்றார். எங்கள் ஊர் அதுவரை கண்ட ஒரே மிதவை, ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கையில் மூன்று நாள் சாமி வலம் வருகிற தெப்பம்தான். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டி ஊருக்கு வெளியே ஓர் ஏரி நிரம்பியது. நாலு லாரி ட்யூப், குறுக்கே மூங்கில், நடுவில் ஒரு சவுக்குக் கொம்பு. பாய்க்குத்தான் துணி இல்லை. யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு விழா முடிந்து சும்மா கிடந்த பிளெக்ஸ் பேனரைக் கேட்டு வாங்கிக் கட்டினார். அதில் தாய்மாமன்கள் ஆறு பேர் கைகூப்பி நின்றார்கள்.

கிளம்புமுன் அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாலிசி கட்டியாச்சா? அந்த ரசீத டி.வி. மேல வெச்சுட்டுப் போங்க."

காற்று வந்தது. தாய்மாமன்களின் கன்னங்கள் உப்பின. படகு நகர்ந்தது, ஆனால் பக்கவாட்டில். எதிர்க்காற்றில்கூடப் பாய்மரம் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து முன்னேறும் என்று அவர் எங்களுக்கு விளக்கியது உண்மைதான். அதற்குப் படகின் அடியில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிய பலகை ஒன்று வேண்டும். பக்கவாட்டில் வழுக்க விடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ட்யூபுக்கு ஏது அடிப்பலகை? காற்று இழுத்த இழுப்பில் ஆறு மாமன்களும் ஒரு முகவருமாக எதிர்க்கரை வேலிக்காத்தானை நோக்கிப் போனார்கள். முள் குத்தி ஒவ்வொரு ட்யூபாக மூச்சை விட்டது. எவரெஸ்ட் தண்ணீருக்குள் விழுந்து விசிலை ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிதானமாகப் பீடியைப் பற்றவைத்துவிட்டுச் சொன்னார்: "சாமி, எழுந்து நில்லு. இடுப்பளவுதான்."

நின்றார். இடுப்பளவுதான். மறுநாள் டீக்கடையில் ஏரியின் ஆழத்தை நேரில் இறங்கி அளந்து வந்ததாக அறிக்கை வாசித்தார்.

இரண்டாவது, குடியம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருக்கும் குகைகள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டபோது, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பங்காகக் குடியம் கிடைத்தது. ஆன்லைனில் பதிவு செய்து, கூட ஒரு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எவரெஸ்டின் மூட்டையைக் கிளம்புகிற அன்று அரிசிக்கடைத் தராசில் நிறுத்தோம்: பதினெட்டு கிலோ. காலையில் போய் மத்தியானம் திரும்புகிற நடைக்குக் கூடாரம், ஸ்டவ், முப்பது மீட்டர் கயிறு, பனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல். "குடியத்துல பனி இன்னாத்துக்குண்ணா?" என்று கேட்டேன். "வந்தா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வழிகாட்டியாக வந்தவன் பக்கத்துக் கிராமத்துப் பையன். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் அவன் சாமான். முதல் மேட்டிலேயே எவரெஸ்டின் மூட்டை அவன் தோளுக்கு மாறியது. இரண்டாவது மேட்டில் எவரெஸ்டும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். குகை வாசலில் உட்கார்ந்து பாதி உயிர் திரும்பியதும் பையனுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தாராம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கல் கோடரி கண்டெடுத்தார், அதே ஆண்டு பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்துக்கு வந்து இன்னும் கண்டெடுத்தார், அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-இல் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். எல்லாம் சரியான தகவல். "பாத்தியா, பதினஞ்சு லட்சம் வருஷமா நம்ம ஏரியாவுல ட்ரெக்கிங் நடக்குது!"

பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். "சார், அவங்க கையில அந்த ஒரு கல்லு மட்டுந்தான் இருந்துச்சா?"

இதையும் எவரெஸ்ட்தான் எங்களிடம் சொன்னார். தன்னை மட்டம் தட்டும் பகுதியை விட்டுவிடத் தெரியாதவர். அதனால்தான் அவர் கதைகளை நாங்கள் நம்புகிறோம்.

மூன்றாவது, குளிர்கால முகாம். கோடைப் பட்டியலில் வானிலை மையம் அடிக்கடி பெயர் வாசிக்கும் ஊர் எங்களுடையது. மார்கழியில் அதிகாலைக்கு ஒரு போர்வை வேண்டியிருக்கும், அதற்கு மேல் எங்களிடம் குளிர் ஸ்டாக் இல்லை. எவரெஸ்ட் மைனஸ் பத்து டிகிரி தாங்கும் தூக்கப்பை ஒன்றை வரவழைத்தார். அதைச் சோதித்துப் பார்க்க மொட்டை மாடியில் கூடாரம். தேதி, டிசம்பர் 31.

எங்களுக்கு அந்த ராத்திரி சாதாரண ராத்திரி இல்லை. படித் திருவிழா. வெள்ளைக்காரன் காலத்தில் புது வருஷம் பிறந்தால் நம் ஆட்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களா வாசலில் போய் நிற்பார்களாம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், துரைக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறார், வாருங்கள் என்று கூட்டத்தைத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். ஊர் ஊராகப் பஜனைக் கோஷ்டிகள் வந்து குவியும். எவரெஸ்டின் மனைவியும் தாயாரும் படிக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் டி.வி. முன்னால் இருந்தேன். கூட்டம் பாருங்கள்.

பதினொன்றரை மணிக்குப் போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தம்பி... கொஞ்சம் மாடிக்கு வாயேன். எமர்ஜென்சி இல்ல. ஆனா ஓடி வா."

ஓடினேன். கூடாரத்துக்குள் ஒரு பெரிய பலாக்கொட்டைபோல அவர் கிடந்தார். மூக்கு மட்டும் வெளியே. ஜிப் உள்துணியைக் கடித்துக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தூக்கப்பை தானாகச் சூடு கொடுக்காது, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் என்று இரண்டு நாள் முன்பு அவரே விளக்கியிருந்தார். பை தன் கடமையில் தவறவில்லை. திருத்தணிக்காரரின் உடம்புச் சூட்டை ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் இரண்டு மணி நேரமாகப் பிடித்து வைத்திருந்தது. நான் டேபிள் ஃபேனை எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு மாடிக்குக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே வைத்தேன். ஜிப்பில் தேங்காய் எண்ணெய் விட்டேன். மலையில் பன்னிரண்டு மணிக்கு "அரோகரா" எழுந்தபோது ஜிப் இறங்கியது. ஏரியில் விழுந்த அன்றுகூட அவர் அப்படி நனைந்திருக்கவில்லை.

"மைனஸ் பத்துக்குத் தாங்கும்" என்றார் வேட்டியை உதறிக்கொண்டே. "கேரண்டி."

அப்புறம் பேச்சில்லாமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். படி நெடுகக் கற்பூர வெளிச்சம் ஒரு கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது. "வர்றியா, ஏறலாம்?" என்றார். எனக்கு முட்டி வலி. எனக்கு அது அப்போதுதான் வந்தது. எட்டுப் பைக் காற்சட்டை இல்லாமல், திசைகாட்டி இல்லாமல், அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜனவரி 1 காலை டீக்கடை நிரம்பியிருந்தது. மைனஸ் பத்துக் கதை அவருக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது, கொண்டுவந்தவன் நான்தான். எவரெஸ்ட் நெற்றியில் பட்டையோடு வந்தார், கால் லேசாக இழுத்துக்கொண்டது. டீயை வாங்கி ஊதிக்கொண்டே, "முந்நூத்தி அறுபத்தஞ்சு இல்லப்பா. முந்நூத்தி அறுபத்தொண்ணு" என்றார்.

கடை கொந்தளித்தது. பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவரும் கணக்கு! வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் நாலைந்து படியை விட்டிருப்பார் என்றேன். மாஸ்டர்கூட அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்.

எவரெஸ்ட் சண்டைக்கு வரவில்லை. "இருக்கலாம்பா. இருட்டு, கூட்டம். நீ எண்ணும்போது எவ்ளோ வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார். ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே கோயில் வாசல்வரை நல்ல தார் ரோடு இருக்கிறது. பைக் இருக்கிறது. பஸ்ஸும் போகிறது. நான் கடைசியாகப் படி ஏறியது என் மகளுக்கு மொட்டை அடிக்க. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அன்றைக்கும் எண்ணவில்லை.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு எல்லாருமாகப் படியேறி, எண்ணி, எவரெஸ்ட் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிடுவதென ஒருமனதாக முடிவு செய்தோம். அதுவரை தெம்பு வேண்டுமே என்று ஆளுக்கு இன்னொரு டீ சொன்னோம். கணக்கு அவர் பேரில்.