கேள்வியும் பதிலும்: பொறியியலாளருக்கு வைத்திய மரியாதை

ஆலைத் தொழிலாளி ஒருவர், வாழைச்சேனை: எங்கள் கடதாசி ஆலையில் இரசாயனப் பொறியியலாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் புற்றுநோய் வைத்தியத்தில் என்ன அலுவல்?

பதில்: அந்த அலுவல் உங்கள் ஆலையிலேயே ஆரம்பமாகிறது. 1950களில் எழுந்த அவ்வாலையிலே, நெல் வைக்கோலை அவித்துக் கூழாக்கும்போது, எவ்வளவு அமுக்கத்தில், எந்த வேகத்தில், எந்தத் திரவம் நார்க்குவியலுக்குள் ஊடுருவும் என்று கணக்கிடுவதே அவர்களுடைய வித்தை. ஊடுருவ வேண்டியது மருந்தாகவும், குவியல் மனிதச் சதையாகவும் ஆகிவிட்டால், கணக்கின் அடிப்படை மாறுவதில்லை, பொறுப்பு மாத்திரம் பன்மடங்காகிறது. உத்தரப் பிரதேசத்து லலித்பூரிலே பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1972இல் இரசாயனப் பொறியியற் பட்டமும், பின்னர் அமெரிக்காவின் டெலவெயர் சர்வகலாசாலையில் கலாநிதிப் பட்டமும் பெற்ற ராகேஷ் ஜெயின் அக்கணக்கையே கட்டிக்குள் கொண்டு சென்றார். கட்டியின் இரத்தக் குழாய்கள் கோணலாக வளர்ந்து கசிவதாலும், கசிந்த திரவம் வடிய வழியின்றித் தேங்குவதாலும், உள்ளே அமுக்கம் ஏறி, உயர்ந்த மருந்தும் நடுவை எட்டாமல் நின்றுவிடுகிறது என்று அவரும் சகாக்களும் அளந்து காட்டினர்.

விவசாயி ஒருவர், கிரான்: கட்டிக்குப் போகும் இரத்தத்தை மறித்துப் பட்டினி போடாமல், குழாயைத் திருத்துவதா? பகைவனுக்குப் பந்தி வைப்பதல்லவா அது?

பதில்: நல்ல கேள்வி, பட்டினி போடும் யோசனையை 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற சத்திர வைத்தியரே முன்வைத்தார். ஆனால் மருந்தும் ஒட்சிசனும் அதே குழாய் வழியாகத்தானே போகவேண்டும்? வாகனேரிக் குளத்து வாய்க்காலின் கரை உடைந்தால், வட்டையின் ஒரு மூலை சேறாகி மறுமூலை காய்வதைக் கண்டிருப்பீர்கள். அப்போது வாய்க்காலை மூடுவீர்களா, கரையைக் கட்டுவீர்களா? குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை அளவறிந்து கொடுத்தால், எஞ்சிய குழாய்கள் சிறிது காலம் சீர்ப்படும், அந்த அவகாசத்தில் மற்ற மருந்துகளையும் கதிர்வீச்சையும் பிரயோகித்தால் பலன் மிகும் என்று ஜெயின் 2001இல் எழுதினார். வந்தது பந்திதான், ஆனால் இலையில் விழுவது மருந்து. எல்லோரும் அழிக்க நினைத்ததைத் திருத்தலாம் என்று சொல்லத் துணிந்த அந்த ஒரு கருத்துக்காகவே, பதக்கம் ஒன்றும் பெறாதிருந்தாலும் அவரை நான் வணங்குவேன்.

வாசகி ஒருவர், கல்குடா: பதக்கம் பெற்றாரா, இல்லையா?

பதில்: பெற்றார், அம்மா. 2016 மே 19ஆம் திகதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமா அவருக்குத் தேசிய விஞ்ஞானப் பதக்கம் சூட்டினார். ஆயினும், 2003இல் வைத்தியத்துக்கும், 2004இல் பொறியியலுக்கும், 2009இல் விஞ்ஞானத்துக்குமாக அந்நாட்டின் மூன்று தேசியப் பேரவைகளும் அவரை அங்கத்தவராகத் தெரிந்துகொண்டதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் வைத்தியர் சபை ஒரு பொறியியலாளரைத் தம்மவர் என்று ஏற்பது, அவருடைய கணக்கு நோயாளியின் கட்டிலருகே பயன்பட்டது என்பதற்குச் சாட்சி.

உயர்தர மாணவி, ஓட்டமாவடி: அப்படியானால் நான் கணிதப் பிரிவா, உயிரியற் பிரிவா?

பதில்: அதே மே 19இல், அதே மண்டபத்தில், தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்ற கேட்டோ லோரன்சின், பிரின்ஸ்டனில் இரசாயனப் பொறியியல் படித்து, 1987இல் ஹார்வர்டில் வைத்தியப் பட்டமும் எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டமும் ஒருங்கே பெற்று, எலும்பு வைத்தியராகவும், எலும்பை மீள வளர்க்கும் பொருள்களை ஆக்குபவராகவும் விளங்குகிறார். நம் நாட்டிலோ பட்டப்படிப்புக்கு வெகு முன்னரே ஒரு வாசலைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். அது எனக்கு வருத்தமே. என்றாலும், இரசாயனவியலும் பௌதிகவியலும் இரு பிரிவுக்கும் பொதுவானவை, மகளே; மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் படிக்க ஆசையிருந்தால் இணைந்த கணிதத்தை எடுத்துக்கொள்; தங்கையின் உயிரியற் புத்தகத்தை இரவல் வாங்கி வாசிப்பதை எந்தப் பரீட்சைத் திணைக்களமும் தடுக்காது.