உறைந்த அமிலம்

கேள்வி: பேட்டரித் தொழிற்சாலை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைக்காரரோ, ‘ஜெல் பேட்டரி வாங்குங்க, தண்ணியே ஊத்த வேண்டாம்’ என்கிறார். என்ன ஜெல் அது? தலைக்குத் தடவுவதா?
– வாசகர், சித்தூர்

பதில்: தடவினால் முடியோடு தோலும் போகும்! உள்ளே இருப்பது கந்தக அமிலம்தான். மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்ததும் தயிர் மாதிரி உறைந்துவிடுகிறது. 1950களில் ஜெர்மனியில் ஓட்டோ யாக்கே என்பவர் கண்ட வழி இது.

சாதாரண பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். அதனால்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஜெல்லிலோ நாளடைவில் மெல்லிய விரிசல்கள் விழும். பயப்படாதீர்கள், அவைதான் பாதை! அவற்றின் வழியே ஆக்ஸிஜன் எதிர்மின் தகட்டை அடைந்து மறுபடி தண்ணீராகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

உங்கள் பக்கத்துத் தொழிற்சாலைக்கு வருவோம்: திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் உள்ள அமர ராஜா, 1985-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அது பெயர் வாங்கிய மூடிய பேட்டரிகளில் அமிலத்தைப் பிடித்து வைப்பது கண்ணாடி இழை விரிப்பு, ஜெல் அல்ல. ஆகவே தண்ணீர் கேட்காததெல்லாம் ஜெல் என்று நம்பிவிடாதீர்கள். லேபிளைப் படியுங்கள்.

ஜெல் என்றால் இன்வெர்ட்டரில் அதற்கான சார்ஜ் அமைப்பு இருக்க வேண்டும். வோல்டேஜ் கூடினால் வாயுக் குமிழிகள் ஜெல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். அந்தச் சேதம் ஆறாது. சித்தூர் வெயிலும் எதிரிதான்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்; ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம்.