ஏவலும் ஒற்றும்: தொலைவினைக் கருவிகளின் வகை

தொலைவில் நின்று ஆளும் மலிவுக் கருவிகளை விலையாலும் வாரண்டியாலும் வகுப்பார் உளர்; அது கடைக்காரர் மரபு. போன ஆணைக்குச் சேதி திரும்புகிறதா என்று நோக்கி நாம் வகுக்க, அவை நான்காகும்.

1. ஏவுவன. டிவி ரிமோட் சான்று. அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கவிட்டு ஆணை அனுப்பும்; பிறகு மறந்துவிடும். டிவி கேட்டதா என்று அது அறியாது. கேளாதபோது உள்ளங்கையில் தட்டுவது வழிபாட்டின் பாற்படும்.

2. ஒற்றுவன. இவை ஆளா, வேவு பார்த்துச் சொல்லும். ஆலைகளில் அளவுகளை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புவர். சுழியத்துக்கும் 4 ஏன் எனின், கம்பி அறுந்தால் 0 வரும். 'ஒன்றுமில்லை' என்பது சேதி. பேச்சற்றுப் போவது விபத்து. மலிவுக் கருவிகள் பல இந்த நுட்பத்தில்தான் மிச்சம் பிடிக்கும். அறுந்த கம்பியைக் காலித் தொட்டி என்று அவை நம்ப, மோட்டார் நிற்காமல் ஓடி, மாடியிலிருந்து அருவி கொட்டும்.

3. தன்னுள் முடிப்பன. தொட்டியின் மிதவை சுவிட்ச். தானே ஒற்றன், தானே அரசன். யாருக்கும் அறிக்கை தராது.

4. ஏவி ஒற்றுவன. தலையாயது, சிம் பொருத்திய மோட்டார் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும், விவசாயி கட்டிலில் கிடந்தபடியே மிஸ்டு கால் கொடுப்பார். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை, எண்ணே ஆணை. பதிந்த எண் எனின் ரிலே இழுக்கும், மோட்டார் ஓடும். ஒரு முனை வராவிடில் காயில் கருகும் என்று மறுக்கும். கிணறு வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைக்கொண்டே வறட்சியை உணர்ந்து நிறுத்தும். எல்லாவற்றையும் எஸ்எம்எஸ்ஸில் சொல்லும்.

புறனடை: மோட்டார் ஓடுகிறது, கரண்ட் சரி, எஸ்எம்எஸ்ஸும் மெய். ஆயினும் வாய்க்கால் உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாயும். கருவி சொன்னது மோட்டாரைப் பற்றி, பயிரைப் பற்றியன்று. ஆகவே டார்ச்சும் மண்வெட்டியுமாக வீட்டம்மாள் வரப்பில் நடப்பார். அவர் எவ்வகை எனின், ஏவாமலே போய், ஒற்றி, மடையையும் அடைத்து வருவதால் நான்கிலும் அடங்கார். சம்பளம் இன்மையின், மலிவு என்னும் இலக்கணம் மட்டும் முற்றப் பொருந்தும்.