காவக்காரன் வாசல்ல படுத்துகினான்

வா மாப்ள, திண்ணையில உக்காரு. பையில இன்னா அது? லேப்டாப்பா? சரிதான். வேட்டவலம் ரோட்டுலருந்து அடி அண்ணாமலை வரைக்கும் மெனக்கெட்டு வர்றானே, தங்கச்சி ஏதோ அதிரசம் கிதிரசம் குடுத்து அனுப்பிச்சிருக்கும்னு நாக்கத் தொங்கப் போட்டுகினு இருந்தன். அத்த வுடு.

இன்னா ஆச்சி? நேத்து சாயங்காலம் ஆன்டிவைரஸ் போட்ட. அது ரீஸ்டார்ட் பண்ணட்டுமான்னு கேட்டுது. நீயும் சரின்ன. அப்பலருந்து கம்பெனி பேரு வருது, அதுக்குக் கீழ பொட்டுப் பொட்டா வட்டம் சுத்துது, அப்பறம் நீலமாயி நின்னுடுது. ராத்திரி பூரா சுத்துதா? பௌர்ணமிக்கு வர்றவன் கூட 14 கிலோமீட்டர் சுத்தி, அஷ்ட லிங்கத்தையும் கும்பிட்டு, இட்லி தின்னுட்டு பஸ் ஏறிடுவான் மாப்ள. உன் வட்டம் இன்னும் எமலிங்கம் தாண்டல.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருத்தன்கிட்ட காட்டினியா? அவன் மூடியத் தொறக்காமலே “ஃபார்மேட் அடிச்சிடலாண்ணே”ன்னு சொல்லியிருப்பானே. எனக்கு ஜோசியம் தெரியாது. அவங்க வாயில மொதல்ல வர்ற மந்திரமே அதுதான். மூட்டப்பூச்சிக்கு வூட்டக் கொளுத்தறவன். உன் கடையோட பில்லு, பட்டா நகலு, கல்யாணப் பத்திரிகை டிசைனு எல்லாம் அந்த வூட்டுக்குள்ளதான இருக்குது? குடுக்காம தூக்கிகினு வந்த பாரு, அங்கதான் எங்க வம்சத்து மூளை கொஞ்சம் வேல செஞ்சிருக்குது.

எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? பெங்களூர்ல இருக்கறானே பேரன், போன தீபத்துக்கு வந்து இதே திண்ணையில மூணு நாளு இந்த மாதிரி ஒரு பொட்டியோட மல்லுக்கட்டினான். மலையில தீபம் எரியுது, இவன் குனிஞ்ச தல நிமிரல. நான் வெத்தல போட்டுகினு வேடிக்க பாத்தன். கேக்கற கேள்விக்கெல்லாம் எரிஞ்சி எரிஞ்சி விழுந்தான். ஆனா பதிலு சொன்னான்.

மொதல்ல ஒன்னு கேக்கறன், ஒழுங்கா சொல்லு. போன வருசம் ஒரு ஆன்டிவைரஸ் போட்டியே, அத்த எடுத்தியா? எடுக்கல. அதுக்கு மேலயே இத்தப் போட்ட. இத்தயாச்சும் காசு குடுத்து வாங்கினியா? பென் டிரைவ்ல கிராக் பண்ணது எவனோ குடுத்தானா? அடேங்கப்பா! திருட்டுச் சாவி போட்டு காவக்காரன உள்ள வுட்டிருக்கற. உன்ன மெச்சிக்கணும்.

வின்டோஸ்லயே டிஃபெண்டர்னு ஒருத்தன் சம்பளம் இல்லாம உக்காந்திருக்கறான், தெரியுமா? அவன் மரியாத தெரிஞ்சவன். வெளியாளு காவலுக்கு வந்தா தானா ஒதுங்கி நிப்பான். வெளியாளு போனா மறுபடியும் வந்து உக்காந்துக்குவான். ஆனா வெளியாளுங்களே ரெண்டு பேரு வந்தாங்கன்னா ஒதுங்க மாட்டாங்க. ஒரு ஃபைலத் தொறந்தா ரெண்டு பேரும் ஒன்னா பாஞ்சி பிடிப்பாங்க. ஒருத்தன் கையில இருக்கற கம்பப் பாத்து இன்னொருத்தன் “திருடன், திருடன்”னு கத்துவான். நடுவுல வூட்டுக்காரன் நீ, சட்ட கிழிஞ்சி நிக்கற.

வேலியே பயிர மேஞ்சிடுச்சின்னு மட்டும் சொல்லிடாத. அத்த ஊர்ல எல்லாரும் சொல்லிட்டானுங்க. இது மேயல மாப்ள. வேலி சாஞ்சி வழிய மறைச்சிகினு கெடக்குது. அவ்ளோதான்.

ஒரு சாஃப்ட்வேர் படுத்தா பொட்டியே ஏன் படுக்கணும்னு கேட்டன் பேரன. நல்லா சொன்னான். உன் டைப் அடிக்கறது, பாட்டு கேக்கறது எல்லாம் ராஜகோபுரத்துக்கு வெளிய கடை போட்டவங்க. சாஞ்சா அவங்க கடை மட்டும் சாயும். 217 அடி கோபுரத்துக்கு ஒன்னும் ஆவாது. ஆன்டிவைரஸ் அப்பிடி இல்ல. வைரஸ் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து நிக்கணும்னு கருவறைக்கே சாவி வாங்கி வெச்சிருக்கறான். வின்டோஸ் கண்ணு முழிக்கறப்பவே டிரைவர்ன்ற பேருல உள்ள போயிடறான். உள்ள போனவன் மயக்கம் போட்டு விழுந்தா? நடை சாத்திட வேண்டியதுதான். அந்த நீலக் கலரு அதுதான். “இதுக்கு மேல ஓட்டினா இருக்கறதும் கெட்டுடும்”னு வின்டோஸே கதவச் சாத்திக்குது.

வெக்கப்படாத. உன் ஒருத்தனுக்கா வந்துது? 2024 ஜூலை 19, மொத ஆடி வெள்ளி. நான் கூழுக்கு சொம்பத் தூக்கிகினு கெளம்பற நேரம், ஒம்போதே முக்கால் இருக்கும். அமெரிக்காவுல க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு காவல் கம்பெனி ஒரு சின்ன ஃபைல அப்டேட்னு அனுப்பிச்சிது. வந்த எடத்துல எல்லாம் நீலம். மைக்ரோசாஃப்டே கணக்கு சொன்னுது, 85 லட்சம் பொட்டியாம். ஏர்போர்ட்டுங்க நின்னுது, வெளிநாட்டுல ஆஸ்பத்திரி, டிவி ஸ்டேஷன் எல்லாம் நின்னுது. நம்ம ஊர்ல இண்டிகோக்காரங்க போர்டிங் பாஸ பேனாவால எழுதிக் குடுத்தாங்க. பிளேனுக்கு மொய்ச்சீட்டு! நான் எவ்ளோ சந்தோசப்பட்டன் தெரியுமா? கையெழுத்து அழகா இருக்கறவனுக்கு அன்னிக்கிதான் மரியாத வந்துது.

காரணம் கேளு, சிரிப்ப. அந்த ஃபைலு, வேல செய்யறதுக்கு 21 தகவலு வேணும்னு எதிர்பாத்துது. உள்ள இருந்த சாஃப்ட்வேர் 20 தான் குடுத்துது. பந்தியில 20 எலதான் போட்டிருக்குது, பரிமாறறவன் 21ஆவது எலயப் பாக்கப் போறான். அங்க எலயும் இல்ல, தரையும் இல்ல. கெணறு. கொழம்பு வாளியோட உள்ள போயிட்டான்.

கம்பெனிக்காரன் 78 நிமிசத்துல தப்பக் கண்டுபிடிச்சி திருத்திட்டான். கெட்டிக்காரன்தான். ஆனா விழுந்த பொட்டி எழுந்தாத்தான திருத்தினத வாங்கிக்கும்? அதனால ஒவ்வொரு பொட்டி எதுக்கயும் ஒரு மனுசன் போயி உக்காந்து, சேஃப் மோடுல தொறந்து, சி-00000291ன்னு ஆரம்பிக்கற ஃபைலக் கையால அழிக்க வேண்டியதாச்சி. கிளவுட்னு மேகத்துல ஓடற பொட்டிங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேற ஒரு வைத்தியம் சொன்னுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சிலதுக்கு 15 தடவ வரைக்கும் ஆவும்னு. எங்க ஆயா மண்ணெண்ண ஸ்டவ்வுக்கு இதேதான் சொல்லும். அந்த நேரத்துல பொட்டிய அணைச்சி வெச்சிட்டுத் தூங்கினவன் தப்பிச்சான் பாரு, அவனத்தான் எனக்குப் பிடிச்சிருக்குது.

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்குது. 2010 ஏப்ரல் 21ல மெக்காஃபின்ற ஆன்டிவைரஸ் கம்பெனி ஒரு அப்டேட் வுட்டுது. வின்டோஸ் எக்ஸ்பியோட சொந்த ஃபைலு, எஸ்விசிஹோஸ்ட்னு பேரு, அத்த வைரஸ்னு பிடிச்சி உள்ள போட்டுட்டுது. பொட்டிங்க எழுந்து எழுந்து விழுந்துது. நம்ம ஊர் கதயில தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னுதே, அப்பிடி ஒரு சாட்சி. தாழம்பூவ சிவன் பூசைக்கே ஆவாதுன்னு தள்ளி வெச்சிட்டாங்க. இங்க இன்னாடான்னா, அப்ப மெக்காஃபியில தொழில்நுட்பத் தலைவரா இருந்தவருதான் 2024ல க்ரவுட்ஸ்ட்ரைக்குக்கே முதலாளி நாற்காலியில. எல்லாத்துக்கும் மேல 2012ல சோஃபோஸ்னு ஒன்னு, தன்னோட அப்டேட் பண்ற ஃபைலயே வைரஸ்னு சொல்லிடுச்சி. பஸ்மாசுரன் தன் தலயில தானே கைய வெச்சிகினான் பாரு, அதே கதைதான்.

சரி, சார்ஜர சொருவு. அந்த பென் டிரைவ், பிரிண்டர் ஒயரு எல்லாத்தையும் புடுங்கு. இப்ப பவர் பட்டன அமுத்து. கம்பெனி பேரு வருதா? ஃபேன் சத்தம் கேக்குதா? அப்ப கரண்ட்டு, போர்டு பேர்ல சந்தேகம் வேணாம். வட்டம் சுத்தும்போதே பட்டன அமுத்திப் பிடிச்சி அணை. மனசு பதறும், பரவால்ல. மறுபடியும் ஆன் பண்ணு, மறுபடியும் அணை. அப்டேட் ஆவுதுன்னு எழுத்து வந்தா மட்டும் கைய வெக்காத. ரெண்டு மூணு தடவ இப்பிடி விழுந்தா வின்டோஸ்க்கே சந்தேகம் வந்து ரிப்பேர் பக்கத்தக் காட்டும்.

வந்துட்டுதா? ட்ரபிள்ஷூட். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ். ரீஸ்டார்ட். நம்பரு கேக்கும், 4 அமுத்து.

நில்லு நில்லு. டிஸ்க்கப் பூட்டி வெச்சிருக்கற பிட்லாக்கர் சாவி கேக்குது பாத்தியா? 48 இலக்கம். ஒரு மண்டலத்துக்கு எத்தினி நாளோ அத்தினி. இன்னா முழிக்கற? விரதம் இருந்தா வராது அது. லேப்டாப் வாங்கினப்ப மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுன்னு ஒன்னு தொறந்தியே, அதுக்குள்ள பத்திரமா இருக்கும். போன்ல லாகின் பண்ணிப் பாரு. பாஸ்வேர்டு உன் பொண்டாட்டிக்குத்தான் தெரியுமா? போனப் போடு அதுக்கு. திட்டும், வாங்கிக்க. 2024ல பெரிய பெரிய கம்பெனிக்காரனுங்களே இந்த 48 இலக்கத்தத் தேடித்தான் நாக்குத் தள்ளினானுங்க.

ம், ஏறிடுச்சி. ஸ்க்ரீன் கறுப்பா, மூலைக்கு மூலை ‘சேஃப் மோட்’னு எழுதியிருக்குதா? அதுதான் நம்ம இடுக்குப் பிள்ளையார் கோயிலு. பையி, கொட, செருப்பு எல்லாத்தையும் வெளிய வெச்சிட்டு, ஒருக்களிச்சிப் படுத்து ஆளு மட்டும் நெளிஞ்சி வரணும். காவக்காரன் கம்போட உள்ள பூர முடியாது. வின்டோஸ் தனக்கு வேண்டியத மட்டும் எடுத்துகினு வந்திருக்குது. இப்பதான் சமயம். நேத்து போட்டத எடு. கிராக்கு மூட்டையும் சேத்து எடு. வெளிய போவ மாட்டன்னு அடம் பிடிச்சா, அந்தக் கம்பெனிக்காரனே தன் ஆள இழுத்துகினு போவ தனியா ஒரு ரிமூவல் டூல் வெச்சிருப்பான். அதுவும் ஆவலன்னா சிஸ்டம் ரிஸ்டோர்ல முந்தாநாளுத் தேதிக்குப் போ. உன் ஃபோட்டோ, பத்திரிகை டிசைன் எதுவும் போவாது. நடுவுல வந்த சாஃப்ட்வேர் போவும்.

போவும்போதே போன வருசத்தயும் எடுத்துடு. காலாவதி ஆனவன்கூட இன்னா சொந்தம்? டிஃபெண்டர் போதும் உன் கடைக்கு. அவனுக்கு அப்பப்ப அப்டேட்டு மட்டும் போட்டுகினு இரு. மொத வேலையா உன் ஃபைலுங்கள வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடு. நாளைக்கு எடுக்கறன்னு சொல்லாத. நாளைக்கு பௌர்ணமி, ரயில் டிக்கெட்ட பிரிண்ட் எடுக்க வெளியூர்க்காரன் வரிசையில நிப்பான். எனக்கு சிட்டா ஒன்னு எடுக்கணும், மூணு காப்பி. காசு பேச்ச எடுத்த, மறுபடியும் அந்த வட்டத்தச் சுத்த வுட்டுடுவன்.

இன்னா அது, போவற நேரத்துல ஸ்க்ரீன்ல ஒரு சின்னக் கட்டம் வந்து நிக்குது? “எங்கள விட்டு ஏன் போறீங்க? காரணம் எழுதுங்க”ன்னு கேக்கறானா? கூச்சம் பாத்தா கேப்பானா! எழுது மாப்ள, தமிழ்லயே எழுது. காவலுக்குன்னு வந்தான், வாசல்ல குறுக்கப் படுத்துகினான்னு.